ஓரத்தில் பென்சில் குறிப்புகள்

எங்கள் கல்லூரியில் ஒரு கையெழுத்துச் சஞ்சிகை வெளிவந்தது என்பது தொண்ணூறுகளின் முற்பகுதியில் அங்கே படித்தவர்களுக்கு மட்டுமே தெரிந்திருக்கும். பரிசளிப்பு விழாவுக்கு அச்சில் வந்த மலரை நான் சொல்லவில்லை. இது ஒரே ஒரு பிரதி. கையெழுத்து அழகான பிள்ளைகள் படியெடுப்பார்கள், சித்திரம் கீறத் தெரிந்தவர்கள் தலைப்புகளை எழுதுவார்கள், பழைய கலண்டர் மட்டையை அட்டையாக வைத்து நூலால் தைத்து, வாசிகசாலை மேசையில் வைத்துவிடுவோம். வீட்டுக்குக் கொண்டுபோக விடமாட்டார்கள். இடைவேளைக்கு மணி அடித்ததும் அதைச் சுற்றி நின்று தோளுக்கு மேலால் எட்டி வாசிப்போம். எங்கள் பழைய மாணவர் சங்கத்தின் மலர்க் குழுவினர் என்னிடம் ஒரு கட்டுரை கேட்டபோது, விளையாட்டுப் போட்டி பற்றியும் அதில் மோதும் இல்லங்களைப் பற்றியும் எழுத ஆட்கள் நிறைய இருப்பார்கள், நான் இதைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று தோன்றியது. என்னை ஒரு எழுத்துக்காரியாக முதலில் நடத்தியவர்கள் அந்த மேசையைச் சுற்றி இருந்த பெரியவர்கள்தான்.

அந்தக் காலத்தைச் சற்றுச் சொல்லாமல் இது விளங்காது. 1990 ஜூனில் சண்டை மறுபடி தொடங்கியபின் எங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பற்றரி, மண்ணெண்ணெய், சீமெந்து என்று தடைப்பட்ட பொருட்களின் பட்டியல் நீண்டது. வானொலிச் செய்தி கேட்க வேண்டுமென்றால் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் கேட்டோம். இரவில் படிப்பு ஜாம் போத்தல் விளக்கில். போத்தலுக்குள் கொஞ்சப் பஞ்சு, அதில் சொட்டு மண்ணெண்ணெய், சைக்கிள் வால்வுக்குள்ளால் கோத்த ஒரு நூல் திரி. அந்த வெளிச்சத்தில் ஒரு கொப்பியை இரண்டு பேர் பார்ப்பதே கஷ்டம். தாளும் அப்படித்தான். செய்தித்தாள்களே சில காலம் கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சாகி வந்தன. இதையெல்லாம் புலம்பெயர்ந்து வந்த இடத்தில், இங்கே பிறந்த பிள்ளைகளிடம் சொன்னால் வியப்பாகக் கேட்பார்கள். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறு. தாளும் வெளிச்சமும் அளந்து செலவழிக்க வேண்டிய பொருட்களாக இருந்த நாளில், பதினைந்து வயதுப் பிள்ளை எழுதிய கதைக்கு ஒரு மனிதர் அந்த இரண்டையும் செலவழித்தார்.

அவர் எங்கள் தமிழ் ஆசிரியர். பெயர் எழுதப் போவதில்லை, புகழ்ச்சியை விரும்பாதவர். அவரிடம் படித்தவர்களுக்கு யாரென்று தெரியும். கட்டுரைக் கொப்பியைத் திருத்துவதற்கு அவரிடம் சிவப்புப் பேனா இருந்தது. ஆனால் கையெழுத்துச் சஞ்சிகைக்குக் கொடுக்கும் கதையை, கவிதையை அவர் அந்தப் பேனாவால் தொட்டதே இல்லை. கட்டைப் பென்சில் ஒன்றால் ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதித் தருவார். எழுத்துப்பிழைகளைத் தனித் துண்டில் குறித்து உள்ளே செருகியிருப்பார். ஓரத்துக் குறிப்புகள் கதையைப் பற்றியவை. "இவ எங்கே நிண்டு கதைக்கிறா?" "இந்த இடத்தில வாசிக்கிறதை நிப்பாட்டிப்போட்டன், திரும்ப வரப் பஞ்சியாயிருந்தது." "இது உம்முடைய சொல்லோ, வாசிச்ச சொல்லோ?" நன்று, மிக நன்று என்ற சொற்களை அவருடைய பென்சிலில் நான் கண்ட ஞாபகம் இல்லை. எங்கேயாவது ஒரு வசனத்தின் கீழ் மெல்லிய கோடு இருக்கும். அந்தக் கோட்டுக்காக நாங்கள் அடித்துப் பிடித்துக்கொண்டு எழுதினோம்.

பத்தாம் வகுப்பில் நான் கிளாலிக் கடலைப் பற்றி ஒரு கதை எழுதினேன். ஆனையிறவுப் பாதையும் பூநகரிப் பாதையும் மூடப்பட்டபின் குடாநாட்டை விட்டு வெளியே போவதற்கு இருந்த வழி அந்தக் கடல்நீரேரிதான். ஆட்கள் இரவில் படகேறிப் போவார்கள். 1993 ஜனவரி 2ஆம் திகதி அங்கே பயணிகள் கொல்லப்பட்டார்கள். அதன்பின் எங்கள் ஒழுங்கையில் யாராவது கொழும்புக்கு வெளிக்கிட்டால், போய்ச் சேர்ந்த கடிதம் வரும்வரை அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்காது. என் கதையில் ஒரு மாமா புறப்படுகிறார், திரும்பி வரவில்லை. நிலவு, அலை, படகின் தனிமை என்று பக்கம் பக்கமாக வர்ணித்திருந்தேன்.

சேர் கதையைத் திருப்பித் தரவில்லை, என்னைக் கூப்பிட்டுப் பக்கத்து வாங்கில் இருத்தினார்.

"நீர் கிளாலியால போயிருக்கிறீரோ?"

"இல்லை சேர்."

"படகில எத்தினை பேர் ஏறுவினம்?"

தெரியாது என்றேன்.

"நிலவு எண்டு எழுதியிருக்கிறீர். நிலவுக்குப் போக விடுவினமோ, இருட்டுக்கோ?"

அதுவும் தெரியவில்லை.

"சரி. தெரிஞ்ச ஒரு ஆளைப் பிடிச்சுக் கேளும். கேட்டுப்போட்டு வாரும், பிறகு கதைப்பம். கதை நல்ல கதை, விடாதையும்."

சின்னப் பிள்ளைதானே, கற்பனையாக எழுதியிருக்கிறாள் என்று அவர் அதைச் சஞ்சிகையில் போட்டிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அந்தக் கடலைக் கடந்தவர்கள் நாளைக்கு இதை வாசிப்பார்கள், அவர்களுக்கு முன்னால் இந்தப் பிள்ளையின் எழுத்து நிற்க வேண்டும் என்று அவர் நினைத்தார். எனக்கு வாசகர்கள் இருக்கிறார்கள் என்று முதலில் நினைத்தவர் அவர். நான் அதுவரை அப்படி நினைத்ததில்லை.

எங்கள் ஒழுங்கையில் சாமான் ஏற்றி இறக்கும் ஒரு அண்ணை அடிக்கடி போய் வருபவர். அம்மாவையும் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். கதை எழுதக் கேட்கிறாள் என்று அம்மா கூச்சத்தோடு சொன்னா. அவர் சிரிக்கவில்லை. சைக்கிள் துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டு, முற்றத்தில் குந்தி இருந்து சொல்லத் தொடங்கினார். கரையில் ஆழம் இல்லாததால் படகு கிட்ட வராது, சேலையையும் சாரத்தையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கி நடந்துதான் ஏற வேண்டும். குழந்தைகளையும் வயோதிபரையும் தூக்கி ஏற்றுவார்கள். என்ஜின் உள்ள படகின் பின்னால் மற்றப் படகுகளைக் கயிற்றால் ஒன்றோடொன்று தொடுத்து இழுத்துக்கொண்டு போவார்கள். யாரும் பீடி, சிகரெட் பற்றவைக்கக் கூடாது. "தனிய ஒரு படகு எண்டு எழுதியிருந்தா வெட்டும் பிள்ளை" என்றார். "கயிறு இழுபடேக்க ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் நிண்டால்தான் எங்களுக்குப் பயம்." பேசி முடித்தபின், எழுதினதும் தனக்கு ஒருக்கால் வாசித்துக் காட்ட வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். பிறகு வாசித்தும் காட்டினேன். இரண்டு இடத்தில் மறித்துத் திருத்தினார்.

கதை முழுக்க மாறிவிட்டது. நிலவு போய்விட்டது. கயிற்றின் சத்தம் வந்தது. சேர் வாசித்துவிட்டு, இது எங்கள் மேசையோடு நிற்க வேண்டாம் என்று சொல்லி, யாழ்ப்பாணத்தில் அச்சாகிக்கொண்டிருந்த ஒரு வார வெளியீட்டின் முகவரியைத் தந்தார். வயதையும் வகுப்பையும் எழுத வேண்டாம், பெயரும் முகவரியும் போதும் என்றார்.

அதன் ஆசிரியரிடமிருந்து பதில் வந்தது. அச்சுப் பார்த்துக் கழித்த ஒரு தாளின் மறுபுறத்தில், நீல மையில் எழுதியிருந்தார். பல தடவை வாசித்ததால் அதன் வசனங்கள் ஏறக்குறைய அப்படியே நினைவில் இருக்கின்றன. கதை தனக்குப் பிடித்தது என்ற ஒரு வரி. பிறகு இப்படி: மாமா திரும்பி வர மாட்டார் என்பது கயிறு அறுந்த இடத்திலேயே வாசகருக்குத் தெரிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு வரும் இரண்டு பந்திகளும் அழுவதற்காக எழுதப்பட்டவை. அவற்றை எடுத்துவிட்டுப் போடலாம் என்று நினைக்கிறேன். தங்களுக்குச் சம்மதமா என்று அறியத் தரவும்.

அந்தக் கடைசி வரியின் கனத்தை இப்போதும் என்னால் முழுதாகச் சொல்ல முடியவில்லை. வெட்டிவிட்டுப் போட்டிருக்கலாம், எந்தப் பத்திரிகை ஆசிரியருக்கும் அந்த உரிமை உண்டு. பதினைந்து வயதில் நானும் மறுபேச்சுப் பேசியிருக்க மாட்டேன். அவர் கேட்டார். அச்சுக்கூடத்தில் தாள் இருக்கிறதா, மை இருக்கிறதா, நாளைக்கு ஷெல் எங்கே விழும் என்று ஆயிரம் கவலைக்கு நடுவில், இரண்டு பந்தியை எடுக்க எழுதியவரின் சம்மதம் கேட்டுக் கடிதம் போட்டார். நான் யோசித்து யோசித்து, முதல் பந்தியை எடுக்கலாம், இரண்டாவதில் பெண்சாதி அவருடைய சைக்கிளுக்குக் காற்று அடித்து வைக்கிற இடம் இருக்க வேண்டும் என்று காரணத்தோடு பதில் எழுதினேன். சேரிடம் காட்டவில்லை. நானாகத்தான் எழுதினேன். கதை வந்தபோது அந்த இடம் இருந்தது.

சிறுவர் பகுதியில் அது வரவில்லை. பெரியவர்களின் கதைகள் வருகிற பக்கத்தில், கோடு போட்ட தாளில், பெயர் மட்டும் போட்டு வந்தது. கோடுகளுக்கு மேல் அச்செழுத்து ஏறி நின்றதால் சில வரிகளைக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வாசிக்க வேண்டியிருந்தது.

வந்த பிறகு பாராட்டுகள் வந்தன. உறவினர்கள், கோயிலடியில் கண்டவர்கள், ஒரு கூட்டத்தில் மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தியவர்கள். எல்லோரும் அன்பாகத்தான் சொன்னார்கள்: இந்த வயதிலே இப்படியா! நன்றியோடு கேட்டுக்கொண்டேன். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் கதையில் வரும் மாமாவைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வயதைப் பார்த்து வியந்தவுடன் அவர்களுடைய வாசிப்பு முடிந்துவிடுகிறது. அந்த அண்ணையோ, கதை வந்த பேப்பரைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, கயிறு அறுந்தால் பின்னால் வரும் படகில் உள்ளவர்கள் என்ன செய்வார்கள் என்று எழுதாமல் விட்டது ஏன் என்று கேட்டார். இரண்டும் அன்புதான். ஆனால் அடுத்த கதையை நான் எழுதியது அண்ணையின் கேள்வியால்.

சேர் எங்களுக்கு இதைத் தான் கண்டுபிடித்த வழியாகச் சொல்லவில்லை. தனக்கு முன்னால் இருந்தவர்கள் இப்படித்தான் செய்தார்கள் என்பார். 1930இல் நா. பொன்னையா தொடங்கிய ஈழகேசரிப் பத்திரிகை, மாணவர்களுக்கும் இளைஞர்களுக்கும் பக்கம் ஒதுக்கி வளர்த்ததை அவர் சொல்லித்தான் கேள்விப்பட்டோம். 1946இல் மறுமலர்ச்சி இதழ் தொடங்கியபோது ஈழத்துக் கவிஞர் மஹாகவிக்கு (உருத்திரமூர்த்தி) வயது 19 என்று சொல்லிவிட்டு எங்கள் முகங்களைப் பார்ப்பார். 1959இல் கொழும்புத் தினகரன் பத்திரிகையின் ஆசிரியர் பொறுப்பை ஏற்றபோது விமர்சகர் கைலாசபதிக்கு 26 வயதுதான். புதிதாக எழுத வந்தவர்களுக்கு அந்தப் பத்திரிகை களமானது. நாங்கள் எழுதும் கொப்பி அந்த வரிசையின் கடைசியில் எங்கேயோ இருக்கிறது என்பதுபோல அவர் பேசுவார். மிகைதான். ஆனாலும் அதைக் கேட்டபின் அசட்டையாக ஒரு வசனம் எழுத மனம் வராது.

1995 ஒக்டோபர் 30இல் போருக்குத் தப்பி, எங்கள் வலிகாமப் பகுதி முழுவதும் எழுந்து குடாநாட்டின் கிழக்கே தென்மராட்சிப் பக்கமாக நடந்தபோது வாசிகசாலை அலுமாரியை யார் நினைத்திருப்பார்கள்? நாங்கள் திரும்பிப் போனபோது கையெழுத்துச் சஞ்சிகையின் பிரதிகள் அங்கே இல்லை. என் கதை வந்த இதழும் என்னிடம் இல்லை. சேரும் இப்போது இல்லை. எங்கள் பழைய மாணவர் எவரிடமாவது ஒரு பிரதி, ஒரு அட்டை, ஒரு தாள் இருந்தால் தயவுசெய்து ஸ்கேன் செய்து சங்கத்துக்கு அனுப்புங்கள். 2005 முதல் இயங்கும் 'நூலகம்' என்ற இணைய நூலகத்தில் ஈழத்துப் பாடசாலை மலர்கள் ஏராளமாக ஏற்றப்பட்டிருக்கின்றன. இதையும் அங்கே சேர்க்கலாம். கையெழுத்துப் பிரதி என்று ஒதுக்க வேண்டாம், ஓரத்துப் பென்சில் குறிப்பு தெரியும்படி முழுத்தாளையும் எடுங்கள்.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு, இது நிர்வாகக் குழுவுக்கு. ஆண்டு விழாவுக்காக நாங்கள் நடத்தும் எழுத்துப் போட்டியில் கடந்த சில வருடங்களாக நடுவராக இருக்கிறேன். பிள்ளைகளுக்குக் கேடயமும் சான்றிதழும் கொடுக்கிறோம், படம் எடுக்கிறோம், அனுப்பிவிடுகிறோம். தான் எழுதியதைப் பற்றி ஒரு பிள்ளைக்கும் ஒரு வரி போவதில்லை. போன முறை நான் வாசித்தவற்றுக்கு மட்டும் அரைப் பக்கக் குறிப்பு எழுதிக் கொடுத்தேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, அப்பம்மாவோடு தொலைபேசியில் பேசுவதைப் பற்றி எழுதியவள், விழா முடிந்து கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது என்னிடம் வந்தாள். "அன்ரி, முடிவு அவசரமா வந்திட்டுது எண்டு எழுதியிருக்கிறீங்கள். ஆனா அப்பம்மா போனை அப்பிடித்தான் வைப்பா, பட்டெண்டு. நான் அதைத்தான் எழுதினனான்" என்றாள். அப்படியென்றால் அவ போன் வைக்கிற விதத்தை முன்னாலேயே ஒருக்கால் காட்டிவிடும், பிறகு முடிவு சரியாக நிற்கும் என்றேன். அது தேவையில்லை என்று அவள் வாதாடினாள். மண்டபக்காரர் விளக்கை அணைக்க வரும்வரை பேசினோம்.

அடுத்த போட்டிக்கு ஆக்கங்கள் வந்து சேர இன்னும் காலம் இருக்கிறது. எழுதியும் வாசித்தும் பழக்கமுள்ள பழைய மாணவர்கள் ஆளுக்குப் பத்துப் பிள்ளைகளின் ஆக்கங்களைப் பொறுப்பெடுத்தால் எல்லோருக்கும் அரைப் பக்கம் எழுதிக் கொடுத்துவிடலாம். கேடயத்துக்கு ஒதுக்கும் காசில் ஒரு பகுதியைத் தபால் செலவுக்கு மாற்றினால் போதும். விருப்பமானவர்கள் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். என் பெயரை முதலாவதாக எழுதச் சொல்லியிருக்கிறேன்.