டையிங்குக்குப் போன 400 கிலோவும் புது ஈஆர்பியும்

திருப்பூரில் ஈஆர்பி (பில், ஸ்டாக், கணக்கு எல்லாம் ஓடும் சாஃப்ட்வேர்) மாற்றப் போகிறவர்கள் டெமோவுக்கு உங்கள் கம்பெனியின் பழைய ஜாப் ஒர்க் டிசி (வெளியே வேலைக்கு அனுப்பும் சரக்கோடு போகும் டெலிவரி சலான்) ஒன்றைக் கையோடு எடுத்துப் போங்கள். அதை அவர்கள் சிஸ்டத்தில் உங்கள் கண் முன்னால் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். பில், லெட்ஜர், லாப நட்டக் கணக்கு எல்லாம் எந்த சாஃப்ட்வேரிலும் ஓடும். நம் ஊர் பனியன் கம்பெனியின் உயிர் இருப்பது ஜாப் ஒர்க்கில். எங்களைப் பாடாய்ப் படுத்தியதும் அதுதான்.

நாங்கள் பிரைவேட் லிமிடெட், நடுத்தர அளவு. ஜிஎஸ்டிக்கு முன்பே உள்ளூரில் எழுதி வாங்கிய சாஃப்ட்வேர் ஓடிக்கொண்டிருந்தது. 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகளின் கணக்கு சாஃப்ட்வேரில் யார் எதை எப்போது திருத்தினார்கள் என்ற பதிவு இருந்தே ஆக வேண்டும், அதை அணைத்து வைக்கவும் முடியக்கூடாது. பழையதில் அந்த வசதியே கிடையாது. ஆடிட்டர் தன் ரிப்போர்ட்டில் அதை எழுதிவிட்டார். அதன்பிறகுதான் முதலாளி மாற்றலாம் என்று தலையசைத்தார்.

புதியவரைத் தேர்ந்தெடுத்தது, விலை பேசியது எல்லாம் சுமுகமாகவே முடிந்தது. பழையவரிடமிருந்து டேட்டாவை வாங்குவதுதான் பெரும்பாடு. சர்வர் எங்கள் ஆபீஸில், எங்கள் ஏசி ரூமில் இருக்கிறது. ஆனால் டேட்டாபேஸ் பாஸ்வேர்டு அவர் கையில். கேட்டால் "அது எங்க சோர்ஸ் கோடோட சேர்ந்தது" என்றார். அப்புறம் ஏஎம்சியை (வருடாந்திரப் பராமரிப்புக் கட்டணம்) இன்னொரு வருஷத்துக்குக் கட்டினால் பார்க்கலாம் என்றார். போனை எடுப்பதையும் நிறுத்திவிட்டார். கடைசியில் ஒவ்வொரு ரிப்போர்ட்டாகத் திறந்து எக்செலில் இறக்கினோம். நேவி, நேவி புளூ, என்.புளூ என்று ஒரே நிறம் மூன்று ஐட்டமாக இருந்தது. நூல் கவுன்ட்டும் (பருமன்) டயாவும் (துணியின் அகலம்) அப்படியே. இதைச் சுத்தம் செய்யும் வேலையை வெண்டரின் பையன்களிடம் விடாதீர்கள். ஸ்டோர்ஸில் பல வருஷம் நின்றவரை உட்கார வைத்துச் செய்யுங்கள். அவர் ஒரு நாளில் முடிப்பதை வெளியாள் ஒரு மாதத்திலும் முடிக்க மாட்டார்.

சரி, அந்த டிசிக்கு வருகிறேன். 400 கிலோ கிரே துணி (சாயம் போடாதது) டையிங்குக்குப் போகிறது. சாயம் போட்டு, மூன்று நிறங்களாக, மூன்று தவணையில் 388 கிலோ திரும்பி வருகிறது. மீதி 12 கிலோ ப்ராசஸ் லாஸ். இந்தத் தொழிலில் இருப்பவர் யாரும் இதற்கு ஆச்சரியப்பட மாட்டார்கள். புது சாஃப்ட்வேரில் ஒரு டிசிக்கு ஒரு இன்வர்டுதான் (வரவுப் பதிவு) போட முடிந்தது. கழிவைப் போட இடமே இல்லை. 12 கிலோ டையிங்காரர் பெயரில் பெண்டிங் என்று நின்றது. எங்கள் ஸ்டோர்ஸ் அண்ணன் திரையைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க அம்மிணி, சாயத்துல போனத எங்க போயித் தேடறதுங்க?" என்றார். வெண்டர் ஆள், "இது ஸ்டாண்டர்டு ப்ராசஸ் மேடம், நீங்கதான் மாத்திக்கணும்" என்றார். எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

இது வெறும் ஸ்டாக் கணக்கு இல்லை. ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய சரக்கு ஒரு வருஷத்துக்குள் திரும்பாவிட்டால், அனுப்பிய அன்றே விற்றதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். வரியும் வட்டியும் நம் தலையில். ஜாப் ஒர்க்குக்குப் போய் வந்த சரக்கை ஜிஎஸ்டியில் காட்டும் ஐடிசி-04 படிவத்தில் கழிவுக்கென்றே தனிக் கட்டம் இருக்கிறது. டையிங்கிலிருந்து நம்மிடம் வராமல் நேராக காம்பாக்டிங்குக்கு (துணி பின்னால் சுருங்காமல் இருக்கச் செய்யும் வேலை) போய், அங்கிருந்து நமக்கு வரும் துணிக்கும் தனி அட்டவணை இருக்கிறது. அரசாங்கப் படிவத்துக்கே தெரிந்த விஷயம், ஜவுளிக்கென்று விற்கும் சாஃப்ட்வேருக்குத் தெரியவில்லை. படிவத்தை பிரின்ட் எடுத்து மேஜையில் வைத்த பிறகுதான் "கஸ்டமைஸ் பண்ணித் தர்றோம்" என்றார்கள். கூடுதல் பணம் கேட்டார்கள். ஜாப் ஒர்க் முழுவதும் அடங்கும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்ததைக் காட்டினோம். பணம் கேட்பதை விட்டுவிட்டார்கள்.

இன்னொரு எச்சரிக்கை, பில் நம்பர். ஜிஎஸ்டி இன்வாய்ஸ் எண் 16 எழுத்தைத் தாண்டக்கூடாது. இவர்கள் செட் செய்தது ஏற்றுமதிக்கு மூன்று எழுத்து, யூனிட்டுக்கு இரண்டு, வருஷத்துக்கு ஏழு, பில்லுக்கு ஐந்து, நடுவில் மூன்று சாய்கோடு. மொத்தம் 20. தூத்துக்குடி போகிற லோடு ஏற்றி முடித்து லாரி கேட்டில் நிற்கிறது, ஐஆர்என் (இ-இன்வாய்ஸுக்கு அரசு போர்ட்டல் தரும் எண்) வரவில்லை. எர்ரர் மெசேஜைப் படித்தாலே தெரியும் விஷயத்துக்கு சப்போர்ட்டில் டிக்கெட் போடச் சொன்னார்கள். எங்கள் பில்லிங் பெண்தான் எழுத்தை எண்ணிப் பார்த்துக் கண்டுபிடித்தாள். வருஷத்தை இரண்டு இலக்கமாகச் சுருக்கி பில்லை மறுபடி போட்டதும் க்யூஆர் வந்தது. வருஷ நடுவில் மாறுகிறவர்கள் புது சீரிஸ் வையுங்கள். அந்த வருஷம் பழையதில் போட்ட எண்ணையே மறுபடி போட்டால் போர்ட்டல் டூப்ளிகேட் என்று தள்ளிவிடும்.

நாங்கள் மாறியது அக்டோபர் 1-இல். வெண்டர் ஏப்ரல்தான் வேண்டும் என்றார். ஐடிசி-04 அரையாண்டு அன்று புதிதாகத் தொடங்குகிறது, வருஷக் கடைசி நெருக்கடியும் இல்லை என்று பிடிவாதமாக நின்றோம். டையிங்கிலும் பிரின்டிங்கிலும் கிடந்த துணியை நேரில் போய் எடை போட்டே ஓப்பனிங் ஸ்டாக் ஏற்றினோம்.

ஒப்பந்தத்தில் இரண்டு வரி எங்கள் ஆடிட்டர் சேர்க்கச் சொன்னது. முழு டேட்டாவும் மாதம் ஒருமுறை நாங்களே திறந்து படிக்கிற வடிவில் எங்களிடம் வர வேண்டும். கடைசித் தவணை, முதல் ஐடிசி-04 சாஃப்ட்வேரிலிருந்தே எடுத்துத் தாக்கல் செய்த பிறகுதான். காம்பாக்டிங் அட்டவணை இன்னும் சரியாக விழவில்லை. அந்தத் தவணைக்கான செக்கில் முதலாளி இன்னும் கையெழுத்துப் போடவில்லை.