மருந்தேற்றிய பலகையும் அலுமினியத் தகடும்

நான் இருக்கும் வட கரோலினாவில் வீட்டுக்குப் பின்னால் டெக், அதாவது வீட்டோடு ஒட்டிக் கட்டும் திறந்த மர மேடை, இல்லாத தெருவைப் பார்ப்பது கஷ்டம். பெரும்பாலும் லேசாகப் பச்சை அடிக்கும் பிரஷர் ட்ரீட்டட் பைன் பலகைதான். கரையானும் பூஞ்சையும் அண்டாமல் இருக்க அழுத்தம் கொடுத்து உள்ளே மருந்து ஏற்றியிருப்பார்கள். அந்த மருந்தில் முக்கியமான சரக்கு செம்பு. பலகையைக் காப்பாற்றும் அதே செம்புதான் அதில் அடிக்கும் ஆணியையும் அதன்மேல் படும் தகட்டையும் அரிக்கிறது. டெக் கட்டப்போகும் நண்பர்கள் என்னிடம் நிறத்தையும் கைப்பிடி டிசைனையும்தான் கேட்கிறார்கள். முதலில் லெட்ஜரைப் பற்றிப் பேசுவோம் என்பேன்.

லெட்ஜர் என்பது வீட்டுச் சுவரோடு போல்ட் போட்டு முடுக்கும் பலகை. டெக்கின் ஒரு பக்கப் பாரம் அதன்மேல்தான் நிற்கிறது. அதற்கும் சுவருக்கும் நடுவே மழைத் தண்ணீர் இறங்காமல் இருக்க ஒரு தகட்டை மடித்து வைப்பார்கள், அதுதான் ஃப்ளாஷிங். ஜன்னல் ஓர வேலைக்கென்று பல கான்ட்ராக்டர் வண்டிகளில் வெள்ளை அலுமினியச் சுருள் ஒன்று கிடக்கும். கையில் இருக்கிறதே என்று அதையே வெட்டி வைத்துவிடுகிறார்கள்.

இந்த ஏப்ரலில் நண்பர் ஒருவரின் டெக்கைப் பிரித்தோம். "மேல எல்லாம் நல்லாத்தானே இருக்கு அண்ணா?" என்றார். மேலே நன்றாகத்தான் இருந்தது. சுவரை ஒட்டிய பலகையைக் கழற்றித் தகட்டை உருவினேன். சுவர்ப் பக்கம் இருந்த பாதியில் பெயின்ட்கூடப் போகவில்லை. லெட்ஜரில் படிந்திருந்த பாதியில் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. விரலால் துடைத்தால் அடியில் குழி குழியாக அரிப்பு. வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தபோது ஊசிமுனை ஓட்டைகள் வழியே வெளிச்சம் வந்தது. அந்த ஓட்டைகளுக்கு நேர் பின்னால் சுவரின் ஓஎஸ்பி பலகை (மரச் சீவல்களை ஒட்டி அழுத்திச் செய்தது) ஊறிப்போய், ஸ்க்ரூட்ரைவரை வைத்ததும் உள்ளே இறங்கியது.

பள்ளிக்கூடத்தில் மயில்துத்தக் கரைசலில் இரும்பு ஆணியைப் போட்டு வைத்தது நினைவிருக்கும். கொஞ்ச நேரத்தில் ஆணிமேல் செம்பு படியும், இரும்பு கரைந்து கரைசலுக்குள் போகும். பலகை ஈரமாக இருக்கும்போது நடப்பதும் அதுதான். பலகையில் இருக்கும் செம்பு, அலுமினியத்தின் மேலோ ஆணியின் துத்தநாக முலாமின் மேலோ படிந்து அதைக் கரைக்கிறது. ஈரம் இல்லையென்றால் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஆனால் சுவருக்கும் லெட்ஜருக்கும் நடுவே ஈரம் காய்வதே இல்லை.

பழைய டெக்குகளில் இந்தத் தொல்லை குறைவு என்று பெரியவர்கள் சொல்வது உண்மைதான். அப்போது சிசிஏ என்ற மருந்து. செம்போடு குரோமியமும் ஆர்செனிக்கும் சேர்ந்தது. ஆர்செனிக் பயத்தால் 2003 டிசம்பர் 31க்குப் பிறகு வீட்டு வேலைக்கு அது நின்றுபோனது. அதற்குப் பதில் வந்த ஏசிக்யூ, காப்பர் அஜோல் மருந்துகளில் செம்பு கூடுதல், அதைக் கட்டிப்போட குரோமியம் இல்லை. ஏசிக்யூ குறிப்பாக மோசம். இப்போது அதிகம் விற்கும் நுண்துகள் செம்பு வகையில் அலுமினியம் பட்டாலும் பரவாயில்லை என்று சில தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். சுவருக்குள் மூடிவிட்டு இருபது வருடம் திறந்து பார்க்க முடியாத இடத்தில் நான் அதை நம்பி வைக்க மாட்டேன். எந்த மருந்து என்பது பலகை நுனியில் ஸ்டேப்பிள் அடித்திருக்கும் குட்டிச் சீட்டில் இருக்கும். அதைப் பிய்த்துப் போடுவதற்குமுன் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள்.

நண்பர் வீட்டில் இப்படிச் செய்தோம். லெட்ஜருக்குப் பின்னால் சுவரில் தண்ணீர் புகாத ஒட்டும் மெம்பிரேன். லெட்ஜர் ஏறியதும் அதன் தலையில் பியூட்டைல் டேப், ரப்பர் மாதிரி ஒட்டும் பட்டை. அதற்குமேல் ஜி 185 கால்வனைஸ்டு தகடு, அதாவது துத்தநாக முலாம் பூசிய இரும்புத் தகடு, மேல் விளிம்பு சுவரைப் போர்த்தியிருக்கும் ஈரத் தடுப்பு உறையான ஹவுஸ் ராப்புக்குப் பின்னால் போகும்படி. ஜி 185 என்றால் ஒரு சதுர அடித் தகட்டில் இரண்டு பக்கமும் சேர்த்து 1.85 அவுன்ஸ் துத்தநாகம். சாதாரண ஜி 90 தகட்டில் அதில் பாதிதான். செம்புத் தகடும் அருமையாக நிற்கும், ஆனால் அதைச் செம்பு அல்லது ஸ்டெயின்லெஸ் ஆணியால்தான் அடிக்க வேண்டும். அதிலிருந்து வடியும் தண்ணீர் கீழே அலுமினியத்தில் விழவும் கூடாது.

ஆணி, ஸ்க்ரூ விஷயத்தில் பளபளப்பைப் பார்த்து வாங்காதீர்கள். வழவழவென்று மின்னுவது மின்முலாம் பூசியது, துத்தநாகம் மிக மெல்லிசு. உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுத்த ஆணி மங்கலான சாம்பல் நிறத்தில், தடவினால் சொரசொரவென்று இருக்கும். பெட்டியில் இந்த முக்கி எடுத்த முலாமுக்கான தரக்குறி ஏஎஸ்டிஎம் ஏ 153 என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். டெக்கின் குறுக்குச் சட்டங்களை லெட்ஜரோடு தாங்கிப் பிடிக்கும் தகட்டுக் கொக்கியான ஹேங்கரும் ஜி 185 ஆக இருக்கட்டும், சிம்சன் கம்பெனியின் ஜீமேக்ஸ் அந்த வகை. கடலோரம் என்றால் யோசிக்காமல் உப்புக் காற்றைத் தாங்கும் 316 வகை ஸ்டெயின்லெஸ். ஹேங்கர் எந்த உலோகமோ ஆணியும் அதே உலோகம். பெரிய ஸ்டெயின்லெஸ் ஹேங்கரில் சின்ன கால்வனைஸ்டு ஆணி அடித்தால் முதலில் போவது ஆணிதான், அப்புறம் ஹேங்கர் எவ்வளவு உறுதியாக இருந்து என்ன பயன்?

ஏற்கெனவே டெக் இருப்பவர்கள் ஒரு டார்ச்சோடு அடியில் போய்ப் பாருங்கள். ஹேங்கரில் வெள்ளைப் பொடி என்றால் துத்தநாகம் கரைந்துகொண்டிருக்கிறது, இன்னும் கொஞ்ச காலம் தாங்கும். சிவப்புத் துரு என்றால் முலாம் தீர்ந்து இரும்பே போக ஆரம்பித்துவிட்டது. அந்த ஹேங்கரில் ஓர் ஆணியை உருவிப் பாருங்கள். தலை நன்றாக இருந்து, பலகைக்குள் இருந்த கம்பு இளைத்துப் போயிருந்தால் மாற்றும் வரை அந்த டெக்கில் யாரையும் ஏற்றாதீர்கள்.