பார்பரோ கதையை அவரிடம் சொல்லியிருக்க வேண்டுமா

அந்தக் கேள்விக்கு வேறு என்ன பதில் சொல்லியிருக்க முடியும் என்றுதான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். "அந்த எட்டு மாசமும் அந்தக் குதிரை நல்லாச் சாப்பிட்டுச்சா தம்பி?" என்று பாய் கேட்டார். சாப்பிட்டது. பார்பரோ என்ற அமெரிக்கப் பந்தயக் குதிரை, கால் ஒடிந்து ஆஸ்பத்திரியில் கிடந்த காலத்தில் பெரும்பாலும் நன்றாகவே தின்றுகொண்டிருந்தது, முன்பின் பார்த்திராத ஜனங்கள் ஆப்பிளும் கேரட்டும் கூடை கூடையாக அனுப்பிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. "சாப்பிட்டுச்சு பாய்" என்றேன். "அப்ப இதுவும் இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு எழுந்துபோய்ப் புல்லுக்கட்டைப் பிரிக்க ஆரம்பித்துவிட்டார். கால் ஒடிந்த அவருடைய குதிரையை ஊசி போட்டு வலியில்லாமல் முடித்துவிடலாம் என்று அவரைச் சம்மதிக்க வைப்பதற்காகத்தான், கால்நடை டாக்டரான நான் அவ்வளவு நேரம் அந்தக் கதையைச் சொன்னேன்.

பாயின் குதிரைக்குப் பெயர் துபாய். பெட்டைக் குதிரை, பந்தயத்துக்கென்றே வளர்க்கிற தரோபிரெட் இனம். கிண்டியில் ஓடி ஓய்வு பெற்றது என்று சொல்லிப் புரோக்கர் விற்றிருந்தார் (கிண்டியில் ஓடாத குதிரையை எந்தப் புரோக்கரும் விற்றதாக நான் கேள்விப்பட்டதில்லை). ஏர்வாடி சந்தனக்கூடு ஊர்வலத்துக்கும் கல்யாணங்களுக்கும் போய்வரும். காலையில் பாயின் பேரன் கடற்கரையில் ஓட்டிக்கொண்டு போனபோது வலது பின்னங்கால் பள்ளத்தில் இறங்கிவிட்டது. குளம்புக்கு மேலே இருக்கிற அந்தச் சின்ன எலும்பு பல துண்டாகியிருந்தது. ராமநாதபுரத்திலிருந்து நண்பர் ஒருவர் எக்ஸ்ரே கருவியோடு வந்து படம் எடுத்துக் கொடுத்தார். படத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, இது நமக்கு ஆகாத வேலை என்று. சென்னை 500 கிலோமீட்டருக்கு மேல், அந்தக் காலை வைத்துக்கொண்டு லாரியில் அவ்வளவு தூரம் கொண்டுபோக நான் துணியவில்லை. தொலைபேசியில் பேசிய பேராசிரியரும் துணியச் சொல்லவில்லை.

பாய் சும்மா கேட்டுக்கொண்டிருக்கிற ஆள் இல்லை. வாலிபத்தில் துபாயில் டிரைவராக இருந்தவர். 2000ஆம் ஆண்டு மார்ச்சில் நாத் அல் ஷெபா மைதானத்தில் துபாய் மில்லேனியம் என்ற குதிரை துபாய் உலகக் கோப்பையை 6 நீளத்தில் (ஆறு குதிரை நீள இடைவெளியில்) ஜெயித்ததை நேரில் பார்த்தேன் என்று யாரைக் கண்டாலும் சொல்வார். மொத்தம் 10 ஓட்டம், 9 வெற்றி, இங்கிலாந்தின் எப்சம் டெர்பியில் மட்டும்தான் தோல்வி என்று ரேஸ் புத்தகம் மாதிரி ஒப்பிப்பார். அதனால் நான் "பிழைக்காது பாய்" என்றதும் அவருக்கு உடனே பதில் வந்துவிட்டது. "அதுக்கும் இதே பின்னங்கால்தானே தம்பி ஒடிஞ்சுது? திருகு வச்சுக் காப்பாத்துனாங்களே?"

அவர் சொன்னது சரிதான். துபாய் மில்லேனியத்துக்கு 2000 ஆகஸ்டில் பயிற்சியின்போது வலது பின்னங்காலில்தான் முறிவு. அறுவை சிகிச்சை செய்து திருகு முடுக்கினார்கள், ஓட்டம் முடிந்தது, உயிர் பிழைத்தது. மறு வருடம் செத்தது கால் முறிவால் இல்லை, குடலை முடக்கும் புல் நோயால். அந்த முறிவு வேறு, இந்த முறிவு வேறு என்று சொல்லிப் பார்த்தேன். எலும்பு ஒரு கோடாகப் பிளந்தால் இரண்டு பக்கத்தையும் சேர்த்துத் திருகலாம், நொறுங்கினால் திருகுவதற்கு எதைப் பிடிப்பது? அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. நான் சால்ஜாப்பு சொல்கிறேன் என்று நினைத்திருப்பார். ஒரு சாம்பியனைச் சொல்லி என்னை மடக்கினவரை இன்னொரு சாம்பியனைச் சொல்லித்தான் மடக்க முடியும் என்று அப்போது தோன்றியது. நாமக்கல்லில் படித்தபோது எங்கள் பேராசிரியர் வகுப்பில் பார்பரோவின் எக்ஸ்ரேயைப் போட்டுக் காட்டியது ஞாபகத்துக்கு வந்தது.

அப்புறம்தான் பார்பரோ. முதலிலிருந்து சொன்னேன். அங்கேயே ஒரு சந்தேகம் எனக்கு, காலிலிருந்து ஆரம்பித்திருந்தால் போதுமோ என்று. ஆனால் ரேஸ் பார்த்த மனிதரிடம் ஓட்டத்தைச் சொல்லாமல் ஒடிந்ததை மட்டும் எப்படிச் சொல்வது? 2003இல் கென்டக்கியில் பிறந்த குட்டி. டிரெயினர் மைக்கேல் மாட்ஸ், 1996 ஒலிம்பிக்கில் குதிரைகள் தடை தாண்டும் போட்டியில் வெள்ளி வாங்கிய அணியில் இருந்தவர். முதலில் புல் தரையிலேயே மூன்று ஓட்டம், மூன்றும் வெற்றி. புல்லில் ஓடுவது மண்ணில் ஓடாது என்றவர்களுக்காக 2006 பிப்ரவரியில் ஹோலி புல் ரேஸில் மழையில் சேறான தரையில் இறக்கினார்கள், ஜெயித்தது. ஏப்ரலில் ஃபுளோரிடா டெர்பி, அரை நீளத்தில் வெற்றி. மே 6, கென்டக்கி டெர்பி. 20 குதிரைகள். எட்கர் பிராடோ சவாரி. கடைசி வளைவில் தனியாகப் பிரிந்து 6½ நீளத்தில் ஜெயித்தது, 1946க்குப் பிறகு அதுவரை அந்த டெர்பியில் அவ்வளவு இடைவெளி இருந்ததில்லை. ஆறு ஓட்டம், ஆறும் வெற்றி. 1978க்குப் பிறகு அதுவரை எந்தக் குதிரையும் அமெரிக்காவின் மூன்று பெரிய ரேஸையும் ஒரே வருடத்தில் சேர்த்து ஜெயித்திருக்கவில்லை, இதுதான் ஜெயிக்கும் என்று ஒரு நாடே காத்திருந்தது.

பாய் அந்த இடத்தில் பீடியைக்கூட மறந்துவிட்டார்.

இரண்டே வாரத்தில், மே 20, பால்டிமோரில் அந்த மூன்றில் இரண்டாவதான பிரீக்னஸ். மணி அடிக்கும் முன்பே பார்பரோ கேட்டை முட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டது. பார்த்துவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ரேஸ் தொடங்கிக் கொஞ்ச தூரத்திலேயே வலது பின்னங்கால் போய்விட்டது, பிராடோ இழுத்து நிறுத்தினார். துபாய்க்கு உடைந்த அதே எலும்பு அங்கே 20 துண்டுக்கு மேல். மறுநாள் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் நியூ போல்டன் மருத்துவமனையில் டாக்டர் டீன் ரிச்சர்ட்சன் மணிக்கணக்கில் அறுவை சிகிச்சை செய்து தகடு வைத்து 27 திருகு முடுக்கினார். மயக்கம் தெளியும்போது காலை உதறி எல்லாவற்றையும் கெடுத்துக்கொள்ளக் கூடாது என்று, கால் நனையாதபடி ரப்பர் மிதவையில் கட்டி நீச்சல் குளத்தில் வைத்து எழுப்பினார்கள். 1975இல் ரஃபியன் என்ற பெட்டைக் குதிரை, அதுவரை ஓடிய பத்தையும் ஜெயித்தது, அறுவை முடிந்து எழும்போது அப்படி உதறித்தான் கட்டை உடைத்துக்கொண்டது, அதன் பிறகு காப்பாற்ற முடியவில்லை.

"நீச்சல் குளமா?" என்றார் பாய். "நம்மகிட்ட கடலே இருக்கே தம்பி."

நான் சிரித்துவிட்டேன் என்று நினைக்கிறேன். மாவுக்கட்டு நனைந்துவிடும் பாய், உப்பும் மணலும் உள்ளே போகும் என்றேன். அவரும் அதோடு விட்டுவிட்டார். இப்போது யோசித்தால் அவர் கேட்டதில் தப்பே இல்லை. தண்ணீரில் நின்றால் காலில் பாரம் குறையும், அந்தப் பக்கத்துக் கடல் பல மாதங்கள் குளம் மாதிரிதான் கிடக்கும். மூன்று காலில் நிற்கிற குதிரையைக் கொட்டகையிலிருந்து தண்ணீர் வரை எப்படிக் கொண்டுபோவது, எத்தனை மணி நேரம் அங்கே நிறுத்துவது என்பதுதான் சரியான பதில். அந்தப் பதில் என்னிடம் இருக்கிறது, அன்றைக்கு வாயில் வரவில்லை.

நான் சொல்ல வந்தது ஜூலையைத்தான். உடைந்த கால் இல்லை கொன்றது, நல்ல கால். குதிரையின் குளம்பும் உள்ளே இருக்கிற எலும்பும் நகமும் சதையும் போல ஒட்டிக்கொண்டிருக்கின்றன, அரை டன் எடை அந்த ஒட்டில்தான் தொங்குகிறது. குதிரை நடக்க நடக்கத்தான் குளம்புக்குள் ரத்தம் ஓடும். ஒரு காலைத் தூக்கிக்கொண்டு மற்றதில் வாரக்கணக்கில் நின்றால் அந்தக் குளம்பு உள்ளுக்குள் பிரிய ஆரம்பிக்கும். லேமினைட்டிஸ். பார்பரோவின் இடது பின்னங்குளம்பில் சுமார் 80 சதவீதத்தை வெட்டி எடுத்தார்கள். அதற்குப் பிறகும் தேறியது, வெளியே கூட்டிப்போய்ப் புல் மேய விட்டார்கள். ஜனவரியில் மறுபடி இறங்கி, கடைசியில் முன்னங்கால் இரண்டிலும் வந்துவிட்டது. ஒரு மோசமான இரவுக்குப் பிறகு, 2007 ஜனவரி 29 அன்று முடித்துவைத்தார்கள். அவ்வளவு பணம், அவ்வளவு பெரிய டாக்டர், அப்படியும் முடியவில்லை பாய், நான் எம்மாத்திரம் என்று முடித்தேன். எனக்கு அது அசைக்க முடியாத வாதமாகத் தெரிந்தது. அவர் காதில் விழுந்தது எட்டு மாதம் என்பது மட்டும்.

சரி, அவர் மாட்டேன் என்ற பிறகு நான் என்ன செய்வது? உரிமையாளர் சம்மதம் இல்லாமல் நானாக ஊசியை எடுத்துவிட முடியாது. மாவுக்கட்டுப் போட்டேன். படகுக்காரர்கள் நாலு பேர் வந்து பழைய விசைப்படகுக் கயிற்றையும் தார்ப்பாயையும் வைத்து வயிற்றுக்கடியில் தொட்டில் கட்டிப் பனை உத்திரத்தில் தொங்கவிட்டார்கள், முடிச்சு அவ்வளவு சுத்தம். ஆனாலும் தார்ப்பாய் ஓரம் முன்னங்கால் இடுக்கில் அறுத்து உள்ளங்கை அகலத்துக்குத் தோல் உரிந்துவிட்டது. அதில் உட்காரும் ஈயைப் பேரன் பனையோலை விசிறியால் விரட்டிக்கொண்டே இருப்பான். வலி ஊசியை நேரத்துக்குப் போட அவனே கற்றுக்கொண்டான். எனக்கு வெள்ளாடும் மாடும்தான் தினசரிப் பிழைப்பு, அதையும் சொல்லிவிட வேண்டும். பாண்டியர் காலத்தில் இந்தக் கடற்கரையோரத் துறைகளில் அரபு நாட்டுக் குதிரைகள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கின. இந்த ஊர்க்காரர்களுக்குக் குதிரை பார்க்கத் தெரியவில்லை, லாடம் அடிக்க ஆளில்லை, வருடம் முடிவதற்குள் பெரும்பாலானவை செத்துவிடுகின்றன என்று மார்க்கோ போலோ அப்போதே எழுதிவைத்துவிட்டார். துபாய்க்கு லாடம் அடிக்க இப்போதும் மதுரையிலிருந்துதான் ஆள் வருவார்.

சில வாரங்களில் நல்ல குளம்பைப் புறங்கையால் தொட்டபோது சுட்டது. கணுக்கால் பக்கம் நாடி விரலை உதைத்தது. சொன்னேன். "சாப்பிடுதே தம்பி" என்றார். அதற்கப்புறம் போகும்போதெல்லாம் அதே பதில்தான். அந்த அளவுகோலை அவர் கையில் கொடுத்தது நான் என்பதால் என்னால் மேலே பேச முடியவில்லை. அந்த வாரங்களில் துபாய்க்கு வலி இருந்ததா என்றால் இருந்தது. அதே வாயால் கொள்ளுக் கேட்டுத் தின்றதும் உண்மை, பேரன் சத்தம் கேட்டால் காதைத் திருப்பியதும் உண்மை.

ஒரு நாள் விடியுமுன் அவரே கூப்பிட்டார். "ராத்திரியிலிருந்து ஒண்ணும் தொடல. வாங்க தம்பி." மருந்தை எடுத்துக்கொண்டு போனேன். தொட்டிலை அவிழ்த்துப் படுக்க வைத்திருந்தார்கள். பாய் கடைசியாக ஒரு துண்டு கருப்பட்டியை உள்ளங்கையில் வைத்து நீட்டினார். துபாய் நக்கியது, அப்புறம் உதட்டால் எடுத்து வாய்க்குள் ஒதுக்கிக்கொண்டது. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "சாப்பிடுதே?"

"அது சாப்பாடு இல்ல பாய். உங்க கைக்காக வாங்குது."

அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பேரனை வெளியே போகச் சொன்னார். பிறகு பேனாவைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

நான் செய்தது சரி. இரண்டு பின்னங்காலும் போன குதிரையை இன்னும் ஒரு நாள் வைத்திருப்பதில் அர்த்தமே இல்லை, எந்த டாக்டரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார். ஆனால் "உங்க கைக்காக வாங்குது" என்பது எந்தப் பாடத்தில் வருகிறது? முதல் தடவை சாப்பிட்டதைச் சாப்பிட்டது என்றேன், குதிரை அத்தனை வாரம் தொங்கியது. இரண்டாம் தடவை கண்ணெதிரே சாப்பிட்டதை இல்லை என்றேன், அரை மணியில் முடிந்தது. மிருகத்துக்கு நல்லது எது என்று பார்த்தால் இரண்டாவதுதான். அந்த மனிதரிடம் நேர்மையாக இருந்தது முதலாவது. இல்லை, அதுவும் முழுசாக நிஜம் இல்லை. முதல் தடவையும் நேர்மைக்காக இல்லாமல் வாதத்தில் ஜெயிக்கத்தானே அந்தக் கதையை எடுத்தேன்?

என் மூத்த அதிகாரி ஒருவர், கதையே சொல்லியிருக்கக் கூடாது, செலவைச் சொல்லியிருக்க வேண்டும் என்கிறார். செலவைக் கேட்டு மிரள்கிறவர் இல்லை பாய். கீழக்கரையில் ஒரு டீக்கடையில் அவரைப் பார்த்தபோது பக்கத்தில் இருந்தவர்களிடம், "அமெரிக்காவுல அந்தச் சாம்பியன் குதிரைக்குப் பார்த்த வைத்தியத்தத் தம்பி நம்ம துபாய்க்குப் பார்த்தாரு" என்றார். ஒரு தகடு இல்லை, ஒரு திருகு இல்லை, ஒரு மாவுக்கட்டும் ஒரு தார்ப்பாயும்தான். நான் மறுக்கவில்லை.

அதற்கப்புறம் ஒரு மட்டக்குதிரை வந்தது, வண்டிப் பந்தயத்தில் ஓடினது, முன்னங்கால் முறிவு. இந்தத் தடவை பார்பரோவும் இல்லை, மில்லேனியமும் இல்லை. பிழைக்காது, சம்மதித்தால் வலியில்லாமல் முடித்துவிடலாம் என்று இரண்டே வாக்கியம். சொந்தக்காரர் போனைப் பார்த்துக்கொண்டே, "சரி சார், செஞ்சிருங்க" என்றார். என் அதிகாரி சொன்னபடி எல்லாம் சுத்தமாக முடிந்தது. ஒரு கேள்விகூடக் கேட்காமல் சம்மதித்த அந்த ஆள்மேல் எனக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது என்று தெரியவில்லை.