அவர் கேட்டாரா, சொன்னாரா

வண்டி ஓட்டிக்கொண்டிருந்த ஹாஜ் சொன்னது இரண்டே சொல்: "ஒன் சாரெத்."

பிரெஞ்சில் அதற்கு "நிறுத்துகிறோம்" என்றும் பொருள், "நிறுத்தலாமா?" என்றும் பொருள். கடைசியில் குரல் கொஞ்சம் ஏறினால் கேள்வி, ஏறாவிட்டால் தகவல். தமிழாக இருந்திருந்தால் ஓர் 'ஆ'வில் விஷயம் தீர்ந்திருக்கும். என் பிரெஞ்சோ சைட்டில் பொறுக்கிய பிரெஞ்சு. வால்வு, கேபிள், சாப்பாடு, சம்பளம் இவற்றுக்குப் போதும். குரல் ஏறியதா இல்லையா என்று பிடிக்கிற காது எனக்கு இல்லை. கேள்வி என்றே எடுத்துக்கொண்டு, "நோன், ஹாஜ். கொந்தினுவே" என்றேன். போய்க்கொண்டே இருங்கள் என்று அர்த்தம்.

அவரும் நிறுத்தவில்லை.

2010 ஏப்ரல். அல்ஜீரியாவில் இன் சலாவிலிருந்து தமன்ராசெத்துக்கு 750 கிலோமீட்டர் குடிநீர்க் குழாய் போட்டுக்கொண்டிருந்த காலம். அடுத்த வருடம்தான் தண்ணீர் திறந்தார்கள். கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டர்கூட இல்லாத ஊரின் நிலத்தடி நீரை 1,400 மீட்டர் உயரத்து ஊருக்கு ஏற்ற வேண்டும். வழிநெடுகப் பம்ப் நிலையங்கள். பிரஷர், ஃப்ளோ மீட்டர்கள் என் பொறுப்பு. பாலைவனத்தில் தண்ணீர் கொண்டுபோகிற வேலைக்கு வந்தவன் செய்த காரியமா இது என்று யாரும் எனக்கு எடுத்துச் சொல்ல வேண்டாம். நானே போதுமான அளவு சொல்லிக்கொண்டாகிவிட்டது.

தார்ச் சாலைதானே, வழிகாட்டி எதற்கு என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். தார் இருந்த இடத்தில் இருந்தது. பெயர்ந்த இடங்களில் லாரிகள் பக்கவாட்டு மணலில் இறங்கி ஆளுக்கொரு தடம் போட்டிருக்கும். எது திரும்பச் சாலைக்கு வரும், எது வராது என்பது ஹாஜ் போன்றவர்களுக்குத்தான் தெரியும். அறுபதை ஒட்டியவர், சஹாராவின் துவாரெக் இனத்து மனிதர். தலையிலும் முகத்திலும் சுற்றிய சேஷ் துணிக்கு நடுவில் கண்கள் மட்டும் தெரியும். மெக்கா போய் வந்தவரா என்று தெரியாது. அங்கே வயதானவர்களை அப்படித்தான் கூப்பிடுவது. அவர் என்னை "ஷெஃப்" என்பார், தலைவர் என்று அர்த்தம். என்னைவிட இருபத்தைந்து வயது மூத்தவர் என்னை அப்படிக் கூப்பிடுவது எனக்குப் பிடித்திருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

அராக் மலையிடுக்கைத் தாண்டி ஒரு மணி நேரம் இருக்கும். உச்சிப் பொழுது. சாலைக்கு மேற்கே முந்நூறு நானூறு மீட்டர் தள்ளி ஒரு வெள்ளை பிக்கப், பானெட் திறந்தபடி. மூன்று ஆட்கள். ஒருவர் கையை உயர்த்தியிருந்தார். ஆட்டவில்லை, உயர்த்தி அப்படியே வைத்திருந்தார். வண்டிக்கு அடியில், நிழலில், ஏதோ ஒன்று கிடந்தது. முதல் இரண்டு வருடம் என் நினைவில் அது மூட்டையாகத்தான் இருந்தது. அப்புறம் எப்போதோ படுத்திருக்கும் ஓர் ஆளாக மாறிவிட்டது. இன்றைக்குக் கண்ணை மூடினால் காலும் தெரிகிறது. இதில் எது அன்றைக்குப் பார்த்தது, எது நான் பிறகு சேர்த்தது என்று பிரிக்க முடியவில்லை.

நிறுத்தக்கூடாது என்பது எங்கள் பயண விதி. தெரியாத வண்டிக்காக நிற்காதே, இருட்டுவதற்குள் போய்ச் சேர். காரணமில்லாமல் போட்ட விதி அல்ல. 2003இல் அல்ஜீரிய சஹாராவில் 32 ஐரோப்பியச் சுற்றுலாப் பயணிகளைக் கடத்திக்கொண்டு போய் மாதக்கணக்கில் வைத்திருந்தார்கள். அந்தக் கதையை ஒவ்வொரு பாதுகாப்புக் கூட்டத்திலும் கேட்டிருக்கிறோம். பின்னால் வந்த வண்டியில் இரண்டு சின்னப் பையன்கள், ஒருவனுக்கு அதுதான் முதல் வெளிநாட்டு வேலை. ஏதாவது ஆகியிருந்தால் அவன் அம்மாவுக்கு யார் பதில் சொல்வது? தவிர, அந்தச் சாலை ஒன்றும் ஆளற்ற சாலை அல்ல. இருபது நிமிடத்தில் எதிரே ஒரு லாரி வந்தது. அது கட்டாயம் நின்றிருக்கும்.

இப்படியெல்லாம் அடுக்குகிறேனே, இதில் எதுவும் அன்று அந்த மூன்று விநாடியில் என் மனதில் ஓடவில்லை. நேரமாகிவிட்டது என்ற எரிச்சல்தான் இருந்தது. காலையில் ஒரு பம்ப் நிலையத்தில் டீக்காக முக்கால் மணி நேரம் போயிருந்தது. மூன்று சுற்றும் குடிக்காமல் எழுந்தால் மரியாதை இல்லையாம்.

கால்மாட்டில் துராயா சாட்டிலைட் போன் இருந்தது. முகாமைக் கூப்பிட்டு, "இந்த இடத்தில் ஒரு வண்டி நிற்கிறது, யாரையாவது அனுப்புங்கள்" என்று சொல்லியிருக்கலாம். விதிக்கும் பங்கமில்லை. அது எனக்குத் தோன்றியபோது நாற்பது கிலோமீட்டர் வந்துவிட்டோம். அப்போதும் கூப்பிடவில்லை. கூப்பிட்டால், ஏன் உடனே கூப்பிடவில்லை என்று கேட்பார்கள்.

போகிற வழியில் மூலாய் ஹசன் என்ற பெரியவரின் சமாதி உண்டு. அந்தப் பக்கம் போகிற வண்டிகள் அதை மூன்று முறை சுற்றிவிட்டுத்தான் போகும். நம் ஊரில் மலைப்பாதை தொடங்குமுன் டிரைவர்கள் வண்டியை ஓரங்கட்டித் தேங்காய் உடைப்பதில்லையா, அது மாதிரி. முந்தைய பயணங்களில் ஹாஜ் ஒரு தடவைகூடத் தவறவிட்டதில்லை. டீசல் வீண் என்று நான் கேலி செய்வேன், அவர் சிரிப்பார். அன்று அவர் சுற்றவில்லை. நேராகப் போய்விட்டார்.

என்மேல் கோபம் என்று அப்போது நினைத்தேன். நான்தான் நேரமாகிறது என்று முகத்தைத் தூக்கி வைத்திருந்தேன், அதற்காகவும் இருக்கலாம். அல்லது, அப்படி ஒரு காரியம் செய்துவிட்டு அந்தப் பெரியவரின் வாசலில் போய் நிற்கக் கூசியிருக்கலாம். இது நான் பின்னால் கண்டுபிடித்த காரணம். சரி என்று முடிவுகட்டவும் முடியவில்லை. ஏனென்றால் இன்னும் தெற்கே இன் எக்கர் மலை வந்தபோது வழக்கம்போல அந்தக் கதையைச் சொன்னார். பிரான்ஸ் 1961 முதல் 1966 வரை அங்கே மலைக்குள் 13 அணுகுண்டுச் சோதனை செய்தது. 1962 மே மாதம் ஒன்று கட்டுக்கடங்காமல் வெளியே கசிந்தது. அதைச் சொல்லிவிட்டு, எப்போதும்போல ஜன்னல் கண்ணாடியை ஏற்றினார். கோபமாக இருக்கிற மனிதர் கதை சொல்வாரா?

நடுவில் ஒரு ஜெந்தார்மெரி சோதனைச் சாவடி. ஹாஜ் இறங்கிப் போய்க் காவலரிடம் பேசினார். வழக்கத்தைவிட அதிக நேரம். ஒரு தடவை கையை நாங்கள் வந்த திசையில் நீட்டினார். அந்த வண்டியைப் பற்றித்தான் சொல்லியிருப்பார் என்று நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். என்ன பேசினீர்கள் என்று கேட்டிருக்கலாம். அதற்கு வேண்டிய பிரெஞ்சு எனக்குத் தெரியும். கேட்கவில்லை. கேட்டு, சாலை எப்படி இருக்கிறது என்று பேசினோம் என்று அவர் சொல்லிவிட்டால்?

2013 ஜனவரியில் இன் அமெனாஸ் எரிவாயு நிலையத்தைத் தாக்கினார்கள். நான்கு நாள் முற்றுகை. வெளிநாட்டு ஊழியர்கள் நாற்பது பேர் அளவில் செத்தார்கள். நான் அப்போது ஊர் திரும்பி வேறு வேலையில் இருந்தேன். டிவியில் அதைப் பார்த்தபோது அதிர்ச்சிக்கு அடியில் ஒரு நிம்மதி ஓடியது. பார்த்தாயா, நான் செய்தது சரிதான் என்று. அத்தனை பேர் செத்த செய்தியில் எனக்கு ஒரு நியாயம் கிடைத்திருக்கிறது. இத்தனைக்கும் அது எங்கள் சாலையிலிருந்து பல நூறு கிலோமீட்டர் தள்ளி. பானெட் திறந்து நின்ற பிக்கப்புக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

அதே வருடம் அக்டோபரில் இன்னொரு செய்தி. நைஜர் பக்கம், அல்ஜீரிய எல்லைக்குப் பக்கத்தில், பாலைவனத்தில் 92 உடல்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். தமன்ராசெத் நோக்கி வந்தவர்கள், வண்டி பழுதாகித் தாகத்தில் செத்தவர்கள். அந்த மூட்டைக்குக் கால் முளைத்தது அதற்கப்புறம்தான் என்று நினைக்கிறேன்.

இப்போது புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பயணப் பாதுகாப்பு வகுப்பு எடுப்பது நான்தான். தெரியாத வண்டிக்காக நிற்காதீர்கள் என்றே சொல்லிக்கொடுக்கிறேன். மனதாரத்தான் சொல்கிறேன். போன வருடம் ஒரு பெண், "அவங்ககிட்ட தண்ணி இல்லைன்னா, சார்?" என்று கேட்டாள். "அடுத்த சோதனைச் சாவடியில் தகவல் சொல்லணும்மா. நாங்க அப்படித்தான் செய்வோம்" என்றேன். நாங்கள் என்றேன்.

ஹாஜுடன் அதன்பிறகும் ஐந்து மாதம் ஓடினேன். அந்த வண்டியைப் பற்றி இருவரும் பேசவில்லை. ஜூலையில் ஒருநாள், ஏறக்குறைய அதே இடத்தில், ஓரமாக ஒரு லாரி நின்றது. ஹாஜ் கேட்கவுமில்லை, சொல்லவுமில்லை. பிரேக் போட்டு இறங்கினார். நான் உட்கார்ந்தே இருந்தேன். லாரிக்காரருக்கு ஒன்றுமில்லை, தொழுகைக்காக நிறுத்தியிருந்தார். இருவரும் கைகொடுத்து நலம் விசாரித்தார்கள். ஹாஜ் ஒரு பாட்டில் தண்ணீர் கொடுத்தார், அவர் திருப்பிக் கொஞ்சம் பேரீச்சம்பழம் கொடுத்தார். அதில் பாதியை ஹாஜ் என் கையில் வைத்தார்.

அன்றிரவு முகாமில் பயணப் படிவம் நிரப்பினேன். 'திட்டமிடாத நிறுத்தங்கள்' என்ற கட்டத்தில் பூஜ்யம் போட்டேன். ஏப்ரலிலும் அதைத்தான் போட்டிருந்தேன்.