மேஜை மேல ஒரு ரயில்வே கேட்

ஜூன் 8, ஞாயிறு
மேஜை மேல போட்ட மாடல் ரயில் லேஅவுட்ல ரயில் ஓட ஆரம்பிச்சு மாசம் ரெண்டாச்சு, ஆனா ரோடு மட்டும் ரெண்டு பக்கமும் தண்டவாளத்துகிட்ட வந்து மொட்டையா நிக்குது. இன்னிக்கு கேட் வேலைய ஆரம்பிச்சேன். கைல இருந்த 3 மில்லி சன்போர்டு அட்டையயே வெட்டி ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல ஒட்டினேன், பாக்க சூப்பர். இன்ஜின் வந்துச்சு, ஏறுச்சு, நின்னுடுச்சு.

ஜூன் 10, செவ்வாய்
இப்பதான் உறைச்சுது. என் தண்டவாளம் கோட் 100, அதாவது உயரமே ஒரு இன்ச்ல நூத்துல 10 பங்கு, 2.54 மில்லிதான். போர்டு அரை மில்லி தூக்கல், இன்ஜினோட அடிவயிறு அதுல உக்காந்து சக்கரம் எழும்பிடுச்சு, அப்புறம் தண்டவாளத்துலேர்ந்து இன்ஜினுக்கு கரண்ட் எப்படி வரும். பிச்சு எடுத்துட்டு 2 மில்லி மவுண்ட் போர்டு போட்டேன். ரோடு ஒரு நூல் கீழ இருந்தா தண்டவாளத்த தேச்சு துடைக்கும்போதும் பெயின்ட் போகாது.

ஜூன் 14, சனி
செக் ரெயில் (சக்கர விளிம்பு ஓட இடைவெளி விட்டு, தண்டவாளத்துக்கு உள்பக்கமா போடற கூடுதல் ரெயில்) தகராறு. நிஜ பிராட்கேஜ் கேட்ல அந்த இடைவெளி 51லேர்ந்து 57 மில்லி, என் ஸ்கேல் 1:87, அதால வகுத்தா முக்கால் மில்லிகூட தேறாது, என் சக்கர விளிம்பே அதுல நுழையாது. 1.3 விட்டேன். ஸ்கேல் பாக்கறவங்க திட்டட்டும், 1676 மில்லி பிராட்கேஜுக்கு 19.3 அகலம் வேணும், நாம 16.5லதான் ஓட்டிட்டிருக்கோம், இதுல இதுக்கு மட்டும் என்ன ரோஷம். சரிவுக்கு பூசின புட்டி வேற பள்ளத்துல விழுந்து காஞ்சு போச்சு, ரெண்டு வேகன் கவுந்தப்பறம்தான் ஊசிய எடுத்து சுரண்டினேன்.

ஜூன் 15, ஞாயிறு
ரோட்டுக்கு 400 நம்பர் வாட்டர் பேப்பர். ரொம்ப கருப்பு, நம்ம தார் ரோடு வெயில்ல வெளுத்து சாம்பலா கிடக்கும், அதனால சாக்பீஸ் தூள் தேச்சேன். சாயங்காலம் நிஜ கேட்டுக்கே போய் அரை மணி நேரம் நின்னேன் (கேட் கீப்பர் ரெண்டு தடவ முறைச்சாரு). வண்டிங்க காத்து நிக்கற இடத்துல மட்டும் சொட்டு சொட்டா ஆயில் கறை! வந்ததும் முதல் வேலையா அதத்தான் வச்சேன். டிரைவர விசில் அடிக்க சொல்ற விசில் போர்டு நிஜத்துல 600 மீட்டர் தள்ளி, ஸ்கேல்ல 6.9 மீட்டர், அதுக்கு ஹாலயும் தாண்டி கிச்சன்ல நடணும். ஒரு மீட்டர்ல நட்டுட்டேன்.

ஜூன் 21, சனி
கேட் கட்டை ஊதுபத்தி குச்சி. அங்க பாத்த மாதிரியே மஞ்ச கருப்பு பட்டை, நடுவுல சிவப்பு வட்டத்துக்கு பஞ்சிங் மெஷின்ல விழற காகித பொட்டு. வீட்டம்மா வந்து பாத்துட்டு, "கேட் மூடியிருக்கு, ஒருத்தன்கூட குனிஞ்சு பூந்து போகலயே, இது எந்த ஊரு கேட்டுங்க?"ன்னு கேட்டுட்டா. இப்ப செம்பு கம்பியில ஒரு டிவிஎஸ் 50 வளைச்சிட்டிருக்கேன், ஹேண்டில்பார்லயே மூணு நாள் போச்சு.