பேர்ஸ்லம் மண்ணாங்கட்டி

லண்டனுக்கு வெளியே ஒரு பழம்பொருள் கடை. மழைக்கு ஒதுங்கத்தான் உள்ளே போனேன். சுட்ட மண் நாய்களுக்கு நடுவே, பிரசங்க மேடையில் ஒரு சாண் உயரத்தில் ஒரு மனிதர். கறுப்பு அங்கி, கழுத்தில் வெள்ளைப் பட்டி, மேடையின் முகப்பில் ஒரு கடிகாரம். அதன் முட்களும் தூரிகையால் போட்டவைதான். பீடத்தில் பெயர்: ஜோன் வெஸ்லி. மெதடிஸ்த சபை இயக்கத்தைத் தொடங்கிய பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலப் போதகர்.

கடைக்கார அம்மா திருப்பிக் காட்டினார். முதுகு ஒரே தட்டை, வர்ணமும் இல்லை. கணப்படுப்பின் மேல்தட்டில் சுவரோடு சாத்தி வைக்கிற பொம்மைக்கு முதுகு எதற்கு? சூளையில் காற்றுப் போக விட்ட துளை, பென்சில் முனை அளவு. விரல் போகிற துளை என்றால் பிற்காலத்து வார்ப்பாம்.

எனக்கு எங்கள் சரித்திர மாஸ்டர்தான் நினைவுக்கு வந்தார். நெற்றி நிறையத் திருநீறு. வெஸ்லி குதிரையில் போனபடியே புத்தகம் வாசித்ததைச் சொல்லும்போது கடிவாளத்தை நழுவ விடுவதுபோலக் கையைத் தொங்கப் போடுவார். அவர் சைக்கிளில் வரும்போது, "வெஸ்லி வாறார்" என்போம். சைவரான நீங்கள் ஏன் சேர் என்று ஒருவன் கேட்டான். "ஆறுமுக நாவலர் படிச்ச பள்ளிக்கூடமடா இது" என்றார். 1816இல் வெஸ்லியன் மிஷனரிமார் தொடங்கிய நம் யாழ் மத்திய கல்லூரியில் வேறென்ன பதில் வேண்டும்?

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். குயவர்களின் ஊரான பேர்ஸ்லத்தில் 1760 மார்ச்சில் வெஸ்லி பிரசங்கம் செய்தபோது, யாரோ எறிந்த மண்ணாங்கட்டி அவர் தலையின் பக்கவாட்டில் பட்டிருக்கிறது. அதனால் தானும் கலங்கவில்லை, கூட்டமும் கலங்கவில்லை என்று நாட்குறிப்பில் எழுதிவிட்டுப் போய்விட்டார். 1781இல் அதே ஊரில் 22 வயதுக் குயவன் ஈனொக் வூட் முன்னால் வெஸ்லி உட்கார்ந்திருக்கிறார். அந்தப் பெடியன் அவரைப் பார்த்துப் பார்த்து மண்ணிலே மார்பளவு உருவம் பிடித்தான். மாஸ்டருக்கு இது தெரிந்திருந்தால் ஒரு பாடவேளை முழுக்க ஓட்டியிருப்பார்.

கடையில் நான் வாங்கி வந்தது வூட் செய்ததல்ல. விக்டோரியா காலத்து மலிவுச் சரக்கு. மூக்கு வேறு கொஞ்சம் கோணல்.

அப்புறம் ரொறன்ரோவில் இருக்கும் வகுப்புத் தோழனுக்கு வீடியோவில் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கனநேரம் பார்த்தான்.

"எல்லாம் சரி, சேரின்ர சைக்கிளைக் காணேல்லையடா."