அம்பைக்கு மேலே மூன்று நொடி

சென்னையிலிருந்து திருவனந்தபுரம் போகும் விமானம் திருநெல்வேலிப் பக்கம் வரும்போது இறங்கத் தொடங்கியிருக்கும். மேகம் விலகினால் தாமிரபரணி தெரியும், இரு கரையிலும் வயல், மேற்கே பொதிகை. கல்லிடைக்குறிச்சியில் பிறந்த எனக்கு அந்தப் பத்து நிமிடம் எப்போதும் தனிதான்.

நான் துணை விமானியாக இருந்தபோது, சாரல் காலத்து மாலை ஒன்றில், அம்பாசமுத்திரத்துக்கு மேலே நடந்தது இது. ஏர்பஸ் 320. ஓட்டியது நான், ரேடியோ கேப்டனிடம். எங்களுக்கு 15,000 அடிவரை இறங்க அனுமதி. எதிரே ஒரு விமானம் 14,000 அடியில் வந்துகொண்டிருந்தது. ஆயிரம் அடி இடைவெளி முறையானதுதான், யார்மேலும் பிழை கிடையாது. நாங்கள் நிமிடத்துக்கு 2,800 அடி வீதம் இறங்கிக்கொண்டிருந்தோம்.

16,000 அடியை நெருங்கும்போது, வேறு விமானத்தோடு மோதிவிடாமல் எச்சரிக்கும் டிகாஸ் கருவி "டிராஃபிக், டிராஃபிக்" என்றது. அது வெறும் முன்னெச்சரிக்கை. அதை மட்டும் நம்பி விமானத்தைத் திருப்பக் கூடாது, தயாராக இருக்க வேண்டும், அவ்வளவுதான். திரையில் அந்த விமானம் மஞ்சள் வட்டமாகத் தெரிந்தது. கால் நிமிடம் போயிருக்கும், வட்டம் சிவப்புச் சதுரமாக மாறியது. "லெவல் ஆஃப், லெவல் ஆஃப்!"

இறங்குவதை நிறுத்து என்று பொருள். இது கட்டளை, சுருக்கமாக ஆர்.ஏ. என்போம். ஐந்து நொடிக்குள் ஆட்டோபைலட்டை அணைத்து, கையால் ஓட்டி, ஏறி இறங்கும் வேகத்தைக் காட்டும் முள்ளைப் பச்சைப் பட்டைக்குள் கொண்டுவர வேண்டும். எல்லாம் மனப்பாடம். ஆனால் என் கை நகரவில்லை. 'இன்னும் 400 அடிதான், 15,000-ல் ஆட்டோபைலட் தானாகவே நின்றுவிடுமே' என்று மனசு கணக்குப் போட்டது. கருவிக்கு எங்கள் அனுமதி உயரம் தெரியாது, இறங்கும் வேகத்தை மட்டும் வைத்துக் கணக்கிடுகிறது என்பது எனக்குத் தெரியும். அந்த அறிவுதான் கையைப் பிடித்து வைத்தது. மூன்று நொடி.

"ஃபாலோ இட்!" என்றார் கேப்டன், கொஞ்சம் சத்தமாகவே. ஆட்டோபைலட்டை அணைத்து மூக்கை மெதுவாகத் தூக்கினேன். அவர் ரேடியோவில் "டிகாஸ் ஆர்.ஏ." என்று தெரிவித்தார். சற்று நேரத்தில் "கிளியர் ஆஃப் கான்ஃப்ளிக்ட்" வந்தது, ஆபத்து நீங்கியது என்று. பயணிகளுக்கு ஒன்றும் தெரியாது.

அன்றிரவு விடுதியில் தூக்கம் வரவில்லை. 1996 நவம்பர் 12 அன்று ஹரியானாவின் சர்க்கி தாத்ரி அருகே சவுதி விமானமும் கசகஸ்தான் விமானமும் மோதி 349 பேர் இறந்தபோது நான் பாளையங்கோட்டையில் பள்ளி மாணவன். பின்னால் விமானியானபோதுதான் எண்களைப் படித்தேன். கசகஸ்தான் விமானத்துக்கு 15,000 அடிவரை இறங்க அனுமதி. சவுதி விமானத்துக்கு 14,000. எங்களுக்கிருந்த அதே உயரங்கள். இறங்கிய விமானம் 15,000-ல் நிற்கவில்லை. இரண்டிலும் டிகாஸ் கிடையாது. அதன்பிறகுதான் இந்திய வானில் அதைக் கட்டாயமாக்கினார்கள்.

'நின்றுவிடும்' என்று நான் நினைத்ததை இன்றும் என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

போன விடுமுறையில் ஊரில் மாமா கேட்டார். "ஏன் மருமவனே, வரப்புல ரெண்டு பேரு எதிரும் புதிருமா வந்து, ரெண்டு பேரும் ஒரே பக்கம் ஒதுங்குனா முட்டிக்கிடத்தான செய்யணும்?"

அவர் கேட்டதுதான் விஷயமே. இரண்டு விமானத்துக் கருவிகளும் தமக்குள் பேசிக்கொண்டு ஒன்றை ஏறச் சொல்லும், மற்றதை இறங்கச் சொல்லும். ஒருவர் மாற்றிச் செய்தால் போச்சு. 2002 ஜூலை 1 இரவு ஜெர்மனியின் உபர்லிங்கன் வானில் ரஷ்ய விமானத்தை டிகாஸ் ஏறச் சொன்னது, கட்டுப்பாட்டு அதிகாரி இறங்கச் சொன்னார். விமானி அதிகாரி சொன்னதைக் கேட்டு இறங்கினார். எதிரே வந்த சரக்கு விமானம் டிகாஸ் சொற்படி இறங்கிக்கொண்டிருந்தது. 71 பேர், அதில் பாதிக்கு மேல் பள்ளிப் பிள்ளைகள்.

மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அப்போ கீழ இருந்து ஆபீசர் சொன்னாலும் கேக்கப்படாதோ?"

"அந்த அரை நிமிசத்துக்குக் கேக்கப்படாது மாமா."

"சரி. எதுத்தாப்புல வாரவனும் இதைப் படிச்சிருக்கணுமே?"

"படிச்சிருப்பான் மாமா. எல்லாருக்கும் ஒரே பாடம்தான்."